கணக்குப் போட்ட குதிரை

உளவியல் எப்போது பிறந்தது என்றால் பாடநூல்கள் 1879 என்று சொல்லும். வில்ஹெல்ம் வுண்ட் லைப்சிக்கில் ஆய்வுக்கூடம் தொடங்கிய ஆண்டு அது. இருக்கட்டும். ஆனால் எப்படிச் சோதிப்பது என்று அந்தத் துறைக்குக் கற்றுக்கொடுத்ததில் பெர்லின் குதிரை ஒன்றுக்கும் பங்குண்டு என்பேன். ஹான்ஸ் என்று பெயர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஃபான் ஓஸ்டன் கேள்வி கேட்பார். அது குளம்பைத் தட்டி விடை சொல்லும். 1904இல் ஒரு குழு வந்து பார்த்தது. அதில் சர்க்கஸ் முதலாளியும் இருந்தார்! தந்திரம் ஏதுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

உளவியல் ஆய்வாளர் ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் விடவில்லை. கேட்பவருக்கே விடை தெரியாத கேள்விகளைக் கேட்க வைத்தார். ஹான்ஸின் கணக்கு அங்கே உதைத்தது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் இம்மியளவு அசையும்; அதைப் பார்த்துத்தான் குதிரை நிறுத்தியிருக்கிறது. ஓஸ்டன் யாரையும் ஏமாற்றவில்லை. ஃபுங்ஸ்ட் அடுத்துச் செய்ததுதான் அழகு: தானே குதிரையாகி, எதிரில் இருப்பவர் மனதில் நினைத்த எண்ணைக் கையால் தட்டிக் காட்டினார். 1907இல் அதை நூலாகவும் எழுதினார்.

அதற்குப் பிறகும் துறைக்கு முழுதாகப் புத்தி வரவில்லை. 1963இல் உளவியலாளர் ராபர்ட் ரோசெந்தால், சாதாரண எலிகளையே சில மாணவர்களிடம் கெட்டிக்கார இனம் என்றும் சிலரிடம் மந்த இனம் என்றும் சொல்லிக் கொடுத்தார். புதிர்ப்பாதையில் ‘கெட்டிக்கார’ எலிகள்தான் நன்றாகத் தேறின. வேறாக இருந்தது மாணவர்களின் எதிர்பார்ப்புதான். சோதிப்பவரிடமிருந்தும் விவரத்தை மறைக்கும் முறையை, மருந்துச் சோதனைக்காரர்களைப் போல உளவியலாளர்களும் வீம்பாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.