காடறிந்தவனுக்கும் சான்றிதழ் வேண்டும்!



"அவங்களுக்கு என்ன தெரியும்? காட்டு ஆளுங்கதானே!" ஓராங் அஸ்லி மக்களைப் பற்றி நம்மவர் சிலர் இப்படிப் பேசுவதுண்டு. "அவங்களுக்கு என்ன தெரியும்? தோட்டத்து ஆளுங்கதானே!" என்று பட்டணத்தில் நம்மைச் சொன்னால் மட்டும் சுருக்கென்று தைக்கிறது. இரண்டும் ஒரே பேச்சுதான் ஐயா! மண்ணோடு பழகியவன் அறிவை அறிவென்றே கணக்கில் வைக்காத பேச்சு.

அந்தப் பேச்சு பொய் என்பதற்குச் சாட்சி தூரத்தில் இல்லை. பேரா மாநிலத்தில், கிரீக்குக்கு அப்பால் பெலும் காடு இருக்கிறது. கள்ள வேட்டைக்காரர்கள் அங்கே கம்பிக் கண்ணி வைத்துப் புலிகளையும் மற்ற மிருகங்களையும் கொன்று வந்தார்கள். 2018-இல் ஜஹாய் பூர்வக்குடியினரைக் கொண்டே 'மென்ராக்' என்னும் காவல் குழு அமைக்கப்பட்டது. அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'மக்கள்' என்று பொருள். ஒடிந்த கிளையையும் மிதிபட்ட புல்லையும் பார்த்து ஆள் நடமாட்டத்தைச் சொல்லும் வித்தை பாட்டன் கொடுத்தது. இடத்தைக் கருவியில் குறிப்பதும், கண்டதைப் பதிவு செய்வதும் பயிற்சி கொடுத்தது. இரண்டும் சேர்ந்ததும் அது சம்பளம் தரும் தொழிலாகிவிட்டது.

ஆஸ்திரேலியாவில் 2007 முதல் பூர்வக்குடி நிலக் காவலர்களுக்கு அரசாங்கமே சம்பளத்துக்குப் பணம் ஒதுக்குகிறது. நிலப் பாதுகாப்பில் தொழிற்சான்றிதழும் அவர்கள் பெறுகிறார்கள்.

நம் தமிழகத்திலும் உண்டு. பாம்புத்தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டதும் இருளர் மக்கள் பிழைப்பை இழந்தார்கள். 1978-இல் அவர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்து தயாராகும் மருந்து உயிர்களைக் காக்கிறது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இப்போது நம் கதைக்கு வருவோம். எந்தச் சரிவில் மண் அரிக்கும், எந்த வாய்க்காலில் வெள்ளம் ஏறும், உதிர்ந்த பழத்தைப் பார்த்து எந்தக் குலையை வெட்டலாம் என்பதெல்லாம் நமக்குத் தெரியாதா? ஆனால் தோட்டத் துண்டாடல் வந்தபோது கையில் ஒரு காகிதமும் இல்லாமல்தானே வெளியே வந்தோம்! பத்து காவான் தோட்டம் இருந்த இடத்தில் இன்று தொழிற்பேட்டை நிற்கிறது. முப்பது வருஷம் உழைத்தவன் அங்கே வேலை கேட்டுப் போனால், "சர்ட்டிபிகேட் இருக்கா?" என்பார்கள்.

அதற்கு வழி இருக்கிறது. திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழை, வேலை அனுபவத்தைக் காட்டியும் பெறலாம். பி.பி.தி. என்பது அந்த முறையின் பெயர். திரும்பப் பள்ளிக்கூடம் போக வேண்டாம். செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் காட்ட வேண்டும். ஆகவே வேலைக் கடிதம், சம்பளச் சீட்டு, வேலை செய்யும் படம் எதையும் வீசி எறியாதீர்கள். நம் வேலைக்கு எந்தப் பிரிவு பொருந்தும் என்று துறையில் கேளுங்கள். படித்த பிள்ளைகள் மலாயில் எழுதிக் கொடுக்கட்டும். தொழிற்சங்கங்கள் கிளைதோறும் இதற்கென்று ஒருவரை நியமிக்கட்டும்.

காட்டு மக்களின் அறிவுக்குக் கூலியும் மரியாதையும் கிடைத்தால் நாம் முதலில் கைதட்டுவோம். அதே உரிமையை நமக்கும் கேட்போம். கேட்காத பிள்ளைக்குப் பால் கிடைக்காது!