விற்கப் போகும் வீட்டுக்கு ஒரு செடி



புரட்டாசி பிறந்துவிட்டது. வீட்டை விற்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் வாசலையும் தோட்டத்தையும் கவனிக்க இதைவிட நல்ல மாதம் இல்லை. மார்கழியில் அட்வான்ஸ் கொடுக்கப் பெரும்பாலோர் தயங்குவார்கள். தை பிறந்ததும் வீடு பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். இப்போது நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் செடிக்குக் கிடைக்கும். குடம் குடமாக ஊற்றினாலும் அந்த மழையில் இறங்குகிற வேர் இறங்காது. தையில் வருகிறவர் பார்வையில் அது அவசரத்துக்கு வைத்த செடியாக இருக்காது, அந்த வீட்டிலேயே வளர்ந்த செடியாக இருக்கும்.

"வீட்டை விற்கப் போகிறோம், முன்னால் என்ன செடி வைக்கலாம்?" என்று கேட்டுக் கடிதங்கள் வருகின்றன. பெரும்பாலும் அப்பா அம்மா கட்டிய தனி வீடுகள். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். கொடுத்துவிடப் போகிற மண்ணுக்கு இனி எதற்குச் செலவு என்ற தயக்கமும் அந்தக் கடிதங்களில் தெரிகிறது. நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அங்கே குடிவரப் போகிற, நாம் இன்னும் பார்க்காத ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்து நடுங்கள். அவர்களால் சிரமமில்லாமல் வளர்க்க முடிகிற செடி எதுவோ, வீட்டின் மதிப்பைக் கூட்டுவதும் அதுதான்.

நடுவதற்கு முன் களைய வேண்டியவை சில உண்டு. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலும் குழாய் இடுக்கிலும் முளைத்திருக்கும் ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் முதலில் எடுத்துவிடுங்கள். வாங்குகிறவர் கூட்டிவரும் மேஸ்திரியின் கண் நேரே அங்கேதான் போகும். இலையைக் கிள்ளினால் போதாது. வேரைத் தோண்டி எடுத்து விரிசலைப் பூசவேண்டும். சுற்றுச்சுவர் ஓரமாகப் பச்சைத் திரை போல வளர்கிறதே என்று கோனோகார்பஸ் வைத்திருந்தால் அதையும் அகற்றிவிடலாம். வேர் தண்ணீர்க் குழாய்களுக்குள் புகுகிறது, மகரந்தம் சிலருக்கு ஒவ்வாமை தருகிறது என்று குஜராத் 2023-இல் அதைத் தடை செய்தது. பிறகு தமிழ்நாட்டிலும் தடை வந்தது.

வளர்ந்த வேம்பையும் மாவையும் மட்டும் வெட்டிவிடாதீர்கள். 2016 டிசம்பரில் வார்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததிலிருந்து, வீட்டருகே பெரிய மரம் என்றாலே பலருக்கு அச்சம். அச்சம் நியாயமானது. ஆனால் அதற்குத் தீர்வு, காய்ந்த கிளைகளையும் கூரைமேல் சாய்ந்திருக்கும் கிளைகளையும் மழைக்கு முன் ஆள் வைத்துக் கழிப்பதுதான். சித்திரை வெயிலில் வீடு பார்க்க வருகிறவர் காரை நிறுத்த நிழல் தேடுவார். அந்த நிழலை எந்த நர்சரியிலும் விலைக்கு வாங்க முடியாது.

புதிதாக வைப்பதற்கு என் முதல் தேர்வு நந்தியாவட்டை. வெயிலிலும் அரைநிழலிலும் வரும்; வருடத்தில் பெரும்பகுதி பூத்திருக்கும்; பூஜைக்கும் ஆகும். அடுத்தது இட்லிப்பூ. ஆனால் கடலோரப் பகுதிகளில், உப்புப் போர்வெல் தண்ணீரை ஊற்றும் வீடுகளில், அதன் இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாததால் வரும் குறை அது. அங்கே காகிதப்பூ நல்லது. உப்பையும் வறட்சியையும் தாங்கும். மழையில் இலையாகத் தள்ளி, மண் காயத் தொடங்கும்போது நிறம் பிடிக்கும். அதாவது ஆட்கள் வரத் தொடங்கும் சமயத்தில். பூக்கவில்லையே என்று தண்ணீரைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். முள் இருப்பதால் நடைபாதையிலிருந்து தள்ளி வைக்கவேண்டும். செம்பருத்தி எல்லோருக்கும் பிடிக்கும். அதில் மாவுப்பூச்சி அடையாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, இலையின் அடிப்பக்கத்தில் தெளித்துவாருங்கள்.

பழைய குண்டுமல்லிப் புதர் இருக்கிற வீடு அதிர்ஷ்டமான வீடு. நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு மேலே எல்லாவற்றையும் கவாத்து செய்யச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். வெட்டும்போது மனம் வராது, புதர் மொட்டையாகத் தெரியும். ஆனால் மார்ச் முதல் கோடை முழுதும் மொட்டு விடும். வீடு பார்க்க வருகிறவர்களைச் சாயங்காலமாக வரச் சொல்லுங்கள். மல்லி விரிகிற நேரம் அதுதான்.

வைக்க வேண்டாம் என்று சொல்லக்கூடியவையும் இருக்கின்றன. அரளி பார்க்க அழகு, வறட்சிக்கும் அஞ்சாது. ஆனால் இலை முதல் வேர்வரை நஞ்சு. வரப்போகிற குடும்பத்தில் தவழும் குழந்தை இருக்கலாம். முருங்கையைப் பின்கட்டில் வையுங்கள். மழைக்காலத்தில் அடிமரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பினால் முன்வாசலில் யாரும் நிற்க மாட்டார்கள். தண்ணீர் லாரியை எதிர்பார்க்கும் தெருவில் புல்தரை போடுவது வாங்குகிறவர் தலையில் ஒரு சுமையை வைப்பதுதான். அதே இடத்தில், குளியலறைத் தண்ணீர் போகிற வழியில் கல்வாழையும் வாழையும் வைத்தால் பசுமையும் கிடைக்கும், தண்ணீரும் வீணாகாது.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது, 'நீட்டாக இருக்கட்டும்' என்று விற்பதற்கு முன் முற்றம் முழுவதும் டைல்ஸ் பதித்துவிடுவது. மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. தண்ணீர் இறங்க மண்ணே இல்லாத முற்றத்தை விற்பது அடுத்தவர் கிணற்றை வற்றவிட்டு விற்பதாகும். நடக்க ஒரு பாதை, வண்டிக்கு ஓர் இடம் போதும். மற்றதை மண்ணாகவே விடுங்கள்.

ஓதம் ஏறிய சுவரையோ விரிசலையோ மறைக்கக் கொடி ஏற்ற வேண்டாம். அப்படிச் செய்வது நேர்மையில்லை, சட்டமும் ஒப்பாது. வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை நமக்குத் தெரிந்திருந்தால், அதை நாமே சொல்லவேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு. சுவரைச் சரிசெய்துவிட்டு, ஓரடி தள்ளிச் செடியை வையுங்கள்.

அதே சட்டத்தின்படி, வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாதவரை, மண்ணில் வேரூன்றிய மரமும் செடியும் நிலத்தோடு சேர்ந்தே கைமாறும். பத்திரங்களில் 'மாவடை, மரவடை' என்று எழுதுவதும் அதற்காகத்தான். அம்மா வைத்த பவழமல்லியை விட்டுப் போக மனமில்லை என்றால் இப்போதே பதியன் போட்டுக்கொள்ளுங்கள். தொட்டிச் செடிகளில் எவற்றை எடுத்துப்போகிறீர்கள் என்பதைப் பேச்சு முடிவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். தண்ணீர் விடும் முறையையும் கவாத்து மாதங்களையும் ஒரு தாளில் எழுதிச் சாவியோடு கொடுங்கள்.

உங்கள் ஊர் மண்ணில், உங்கள் தண்ணீரில் நன்றாக வந்த செடிகளைப் பற்றி எழுதுங்கள். தஞ்சைக் களிமண்ணுக்கும் கோவில்பட்டிக் கரிசலுக்கும் என் பட்டியல் அப்படியே பொருந்தாது. அங்கே இருக்கிற வாசகர்கள் சொல்வதை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்