பட்டை கூட்டினால் பலம் கூடுமா?

ராயபுரத்திலிருந்து எண்ணூருக்குப் போகும் சாலையில் ஒரு நாழிகை நின்று பாருங்கள். துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் டிரெயிலர் லாரி, கோயில் யானை போல் ஆடாமல் அசையாமல் போகும். அதே லாரி சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பாருங்கள்! சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் தடதடவென்று குதிக்கும். ஸ்பிரிங் அதேதான், சாலையும் அதேதான். பாரம் மட்டும் இல்லை. பெரும் பாரத்துக்கென்று செய்த ஸ்பிரிங், பாரம் இல்லாதபோது வளைய மறுக்கிறது. வளையாத ஸ்பிரிங் வண்டியைக் குதிக்க வைக்கிறது.

பழைய கார் வைத்திருப்பவர்கள் இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டால் பணம் மிச்சமாகும். பிராணனும் மிச்சமாகும்.

உங்களிடம் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1961 முதல் நம் சென்னையில், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்த கார். இத்தாலிய நிபுணர் மிக்கெலோட்டி வரைந்த உருவம். இதன் சட்டத்தை ஆதாரமாக வைத்துத்தான் 1962-ல் பிரிட்டனில் 'ஸ்பிட்பயர்' என்ற ஸ்போர்ட்ஸ் காரையே செய்தார்கள். சோழவரத்து விமானத் தளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் ஹெரால்டுகளும் அங்கே சீறிக்கொண்டு ஓடின. அப்பேர்ப்பட்ட காரை நீங்கள் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. தினமும் அதில்தான் திருவொற்றியூருக்கு வேலைக்குப் போகிறீர்கள். சபாஷ்!

ஆனால் காரின் பின்பக்கம் தழைந்துவிட்டது. பள்ளம் வந்தால் 'டங்' என்று அடிக்கிறது. பட்டறைக்காரர் குனிந்து பார்க்கிறார். "ஒரு பட்டை கூட்டிக் கட்டிடலாம் சார், கல்லு மாதிரி நிக்கும்" என்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள். கார் கல்லு மாதிரி நிற்க வேண்டியது வீட்டு வாசலில்தான். சாலையில் அது வளைந்து கொடுக்க வேண்டும்.

ஸ்பிரிங் எதற்கு? உட்காருபவரின் சௌகரியத்துக்கு என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது பாதி உண்மை. சக்கரம் தரையை விட்டு எழாமல் இருப்பதற்குத்தான் முக்கியமாக ஸ்பிரிங். எழும்பிய சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை.

இதற்குச் சாட்சி நம் திருவொற்றியூரிலேயே உண்டு. ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே கிடையாது. கரடுமுரடான பாதையில் ஓட்டும் பந்தயக்காரர்களோ, ஸ்பிரிங் வைத்தால் பிடிப்புப் போய்விடும் என்று சொல்லி வந்தார்கள். 1948-ல் ராயல் என்பீல்டு கம்பெனி, பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த புல்லட்டைக் களத்தில் இறக்கியது. அதே ஆண்டு இத்தாலியில் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் பந்தயத்தில், வெற்றி பெற்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு புல்லட்டுகள் இருந்தன. இரண்டுமே தங்கப் பதக்கம் பெற்றன. வாயடைத்துப் போனார்கள்! அந்தப் புல்லட்தான் 1956-ல் திருவொற்றியூருக்கு வந்து நம்மூர்ப் பிள்ளையாயிற்று. வளைந்து கொடுப்பதே பிடிப்பு; இதுதான் அது கற்பித்த பாடம்.

இனி உங்கள் ஹெரால்டுக்கு வருவோம். அக்காலத்து மற்றப் பல கார்களில் இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே நீள ஆக்ஸில் இணைத்தது. ஹெரால்டில் அப்படியில்லை. நடுவிலுள்ள டிபரன்ஷியலிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு அரை ஆக்ஸில்கள், பறவையின் சிறகு போல் மேலும் கீழும் அசையும். குறுக்கே கிடக்கும் ஒரே பட்டை ஸ்பிரிங் இரண்டையும் தாங்கும். பள்ளத்தில் இறங்கினால் சக்கரம் தனித்தனியே வேலை செய்யும், அது லாபம். நஷ்டமும் உண்டு. காரின் பின்பக்கம் உயர்ந்தால் சிறகுகள் கீழே தொங்கும். சக்கரங்களின் அடிப்பக்கம் உள்ளே குவியும். மேல்பக்கம் வெளியே விரியும். டயர் முழுப் பாதத்தில் நிற்காமல் ஓரத்தில் நிற்கும். அந்த நிலையில் வேகமாகத் திரும்பி, நடுத் திருப்பத்தில் திடுக்கிட்டு ஆக்ஸிலரேட்டரை விட்டாலோ, பிரேக்கை மிதித்தாலோ, பின்பக்கம் இன்னும் எழும்பும். வெளிப்புறச் சக்கரம் மடங்கினாற்போல் உள்ளே போகும். கார் சுழலும். எதிரே டிரெயிலர் லாரி வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டுமா?

பட்டை கூட்டினால் பின்பக்கம் உயரும். உயர்ந்தால் இந்த ஆபத்தும் கூடவே உயரும். இப்போது புரிகிறதா, ஏன் பொறுங்கள் என்றேன் என்று?

இந்தக் குறையைக் காரைச் செய்தவர்களும் அறிந்தே இருந்தார்கள். பிரிட்டனில் 1970-ல் வந்த புதிய ஸ்பிட்பயரில், பட்டைகளில் ஒன்றைத் தவிர மற்றவை நடுவில் அசைந்து கொடுக்கும்படி மாற்றினார்கள். ஸ்பிரிங்கைக் கடினமாக்கவில்லை, கவனியுங்கள், இளக்கினார்கள்! நம் சென்னையில் 1972-ல் வந்த 'கெஸல்' காரிலோ, சிறகு ஆக்ஸிலையே எடுத்துவிட்டு, நம்மூர்ப் பட்டறைகளுக்குப் பழக்கமான ஒரே நீள ஆக்ஸிலை வைத்துவிட்டார்கள். இருவரில் யாருமே பட்டை கூட்டவில்லை.

சரி, என்னதான் செய்வது? வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் முன்சக்கரம். அது திரும்பும் இடத்தின் அடியில் 'டிரன்னியன்' என்ற பித்தளைப் பகுதி உண்டு. எஃகுத் தண்டின் மரை அதற்குள் சுழலும். அதற்குக் கம்பெனிக் கையேடு சொல்வது கியர் ஆயில், கிரீஸ் அல்ல. பழைய கிரீஸ் இறுகிப்போனால் தண்ணீர் புகுந்து தண்டு துருப்பிடிக்கும். ஒருநாள் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். எண்ணூர்க் கடற்காற்று இந்தத் துருவுக்கு உற்ற துணை. ஆகவே முதல் செலவு இங்கே.

இரண்டாவது, ரப்பர் புஷ்கள். வெடித்துத் தேய்ந்திருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். 'டங்' சத்தம் பாதி அதிலேயே போய்விடலாம்.

மூன்றாவது, ஷாக் அப்சார்பர். காரின் ஒரு மூலையைக் கையால் அழுத்தி விடுங்கள். ஒரு தரம் எழும்பி அமர்ந்தால் நல்லது. ஊஞ்சலாடினால் அதன் ஆயுள் முடிந்தது. மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள்.

நான்காவது, டயர். நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும். முன்னால் ரேடியல், பின்னால் பழைய வகை என்று கலப்பது யமனுக்குக் கடிதம் போடுவது.

கடைசியாகத்தான் ஸ்பிரிங். தழைந்த பட்டையைக் கம்பெனி வைத்த உயரத்துக்குக் கொண்டுவந்தால் போதும். அதற்கு மேல் ஒரு விரற்கடையும் வேண்டாம். பிறகு நீங்கள் உட்கார்ந்து கொள்ள, வேறொருவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். பின்சக்கரங்கள் நிமிர்ந்தோ, மேல்பக்கம் சற்றே உள்சாய்ந்தோ இருக்க வேண்டும். கீழே குவிந்து நின்றால் பட்டறைக்குத் திருப்பி விடுங்கள்.

பந்தயக் கார் போல் தாழ்த்தினால் அழகாயிருக்குமே என்று உங்கள் பிள்ளை சொல்லலாம். அழகுதான். முதல் வேகத்தடையிலேயே சைலன்ஸர் அழும்.

கெஸல் போல் ஆக்ஸிலையே மாற்றலாமா என்று கேட்பவர்கள், 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை முதலில் படிக்கட்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிட்டுக் கை வைக்கட்டும்.

காசு செலவில்லாத ஒரு முன்னேற்றமும் இருக்கிறது. திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். திருப்பத்துக்குள் பிரேக்கை மிதிக்காதீர்கள். இதை எந்தப் பட்டறையிலும் பொருத்தித் தர மாட்டார்கள். உங்கள் வலது காலில் நீங்களே பொருத்திக்கொள்ள வேண்டியதுதான்!