டன் கணக்கு மட்டும் போதாது

கடையில் டூனா டின் ஒன்றை எடுக்கிறீர்கள். பெரும்பாலும் அதில் இருப்பது ஸ்கிப்ஜேக் எனும் சிறிய சூரை மீன். விரைவாகப் பெருகும் இனம். சிக்கல் அதனுடன் சேர்ந்து வலையில் விழும் மீனில்தான்.

மிதக்கும் பொருள்களின் அடியில் கூடுவது சூரை மீன்களின் இயல்பு. அதற்காகவே பெரிய கப்பல்கள் கடலில் மிதவைகளை விடுகின்றன. ஸ்கிப்ஜேக்குடன் மஞ்சள் துடுப்புச் சூரையின் இளம் மீன்களும் அங்கே கூடும். சுருக்கு வலை இரண்டையும் சேர்த்து அள்ளிவிடும்.

இந்தியப் பெருங்கடலில் மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டதாக 2015இல் மதிப்பிடப்பட்டது. மலேசியாவும் உறுப்பியம் பெற்றுள்ள இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையம், 2016இல் வரம்பு விதித்தது. சுருக்கு வலையால் அதிகம் பிடித்த நாடுகள், 2014ஆம் ஆண்டின் அளவிலிருந்து 15 விழுக்காடு குறைக்க வேண்டும். நல்ல முடிவுதான். ஆனால், அந்த வரம்பு டன்னில் அளக்கப்படுகிறது.

மாணவர்களுக்கு நான் கொடுக்கும் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். 40 கிலோ எடையுள்ள மீன் என்றால் ஒரு டன்னுக்கு 25. இளம் மீன் 2 கிலோ என்றால் 500. தாளில் இரண்டும் ஒரே டன். ஆனால், அந்த 25 மீன்கள் முட்டையிடும் பருவத்தை எட்டியவை. 500 மீன்களோ அப்பருவத்தை எட்டாதவை.

2024ஆம் ஆண்டின் மதிப்பீடு, நிலைமை தேறியுள்ளதாகக் கூறுகிறது. அதைக் காட்டி வரம்பைத் தளர்த்திவிடக் கூடாது. மிதவைகளைக் குறைக்க வேண்டும். இளம் மீன்களை எண்ணிக்கையிலும் கணக்கிட வேண்டும். டின் விலை சற்று ஏறலாம். நாளை மீனே இல்லாமல் போவதைவிட அது மலிவு.