முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று

பெட்ரோல் பங்கில் ஏர் செக் செய்பவர் "எவ்வளவு சார்?" என்று கேட்டால், பலருக்கும் வாயில் வருவது ஒரே எண்தான்: "நாலுக்கும் முப்பத்தஞ்சு." சாதாரணக் குடும்பக் காரில் இது பெரும்பாலும் ஓடிவிடும். வேகத்துக்கென்றே கட்டிய காரில் ஓடாது. 996 தலைமுறை போர்ஷே 911-இன் 18 அங்குலச் சக்கரங்களுக்கு நிறுவனம் சொன்னது முன்னே 36, பின்னே 44 பிஎஸ்ஐ. எஞ்சின் பின்னால் இருப்பதால் எடையும் அங்கேதான். அந்தக் காரில் நான்கு டயருக்கும் 35 பிடித்தால் முன்பக்கம் ஒன்றுதான் குறையும், பின்பக்கம் ஒன்பது குறைந்துவிடும். வளைவில் திரும்பும்போது எந்த டயரும் தான் நோக்கும் திசையிலிருந்து சற்று விலகித்தான் உருளும். காற்று குறைந்தால் பொதுவாக அந்த விலகல் கூடும். பின் டயர் முன் டயரைவிட அதிகம் விலகினால் காரின் வால் வெளியே வீசும். ஆகவே சரியான அழுத்தம் என்பது ஒற்றை எண் அல்ல. முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசமும் ஸ்பிரிங்கைப் போல வண்டியின் ஓர் உறுப்பு.

இதை அமெரிக்கா பெரிய விலை கொடுத்துப் பேசியது, செவர்லே கோர்வேர் காரை வைத்து. 1960 மாடலாக வந்த இந்தக் காருக்கும் எஞ்சின் பின்னால்தான். முன்பக்கம் சாய்வைக் கட்டுப்படுத்தும் கம்பியை ஆரம்ப மாடல்களில் வழக்கமான பாகமாகக் கொடுக்காமல், முன்னே 15, பின்னே 26 பிஎஸ்ஐ என்ற காற்று வித்தியாசத்தை வைத்தே வண்டியை நிலைப்படுத்தப் பார்த்தார்கள். முன்னே 15 என்பதைக் கேட்டால் எந்தக் காற்றுக்காரரும் சிரிப்பார். கொஞ்சம் கூட்டித்தான் பிடிப்பார், அந்த வித்தியாசம் குலைந்துவிடும். 1965-இல் நுகர்வோர் பாதுகாப்புக்காகப் போராடிய வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் தம் புத்தகத்தில் கோர்வேரைக் கடுமையாகச் சாடினார். 1972-இல் வந்த அரசு ஆய்வறிக்கை, அக்காலத்து மற்றக் கார்களைவிட இது மோசமில்லை என்றது. யார் சொன்னது சரி என்ற தகராறு இன்னும் ஓயவில்லை. ஆனால் ஒரு காரின் நடத்தையைக் காற்று இவ்வளவு தீர்மானிக்கும் என்பதை இரு தரப்புமே மறுக்க முடியாது.

நிறுவனம் சொல்வதையே வேதமாகக் கொள்ள வேண்டுமா என்று கேட்பது நியாயமே. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரருக்கு ஃபோர்டு சொன்னது 26 பிஎஸ்ஐ. டயர்கள் பிய்ந்து வண்டிகள் கவிழ்ந்த 2000-இல், 30 வேண்டும் என்றது டயர் தயாரித்த ஃபயர்ஸ்டோன். சொகுசுக்காகவும் வேறு காரணங்களுக்காகவும் நிறுவனங்கள் எண்ணைத் தளர்த்துவதுண்டு. ஆனால் அந்த எண்ணைச் சந்தேகிக்க அளந்து பார்த்த ஆதாரம் வேண்டும். பங்கில் தோன்றும் உத்தேசம் போதாது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதைப் பிடிப்பது அதைவிடத் தவறு. அது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம், உங்கள் காருக்கு உரியது அல்ல.

"பந்தயக்காரர்கள் பிடிமானத்துக்காகக் காற்றைக் குறைக்கிறார்களே" என்பது அடுத்த வாதம். குறைக்கிறார்கள்தான், ஆனால் வெப்பத்தோடு சேர்த்துக் கணக்கிட்டு. டயருக்குள் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். 2015 மோன்சா ஃபார்முலா 1 பந்தயத்துக்கு முன் அளந்தபோது மெர்சிடிஸ் கார்களில் ஹாமில்டனின் டயர் ஒன்று, விதிக்கப்பட்ட குறைந்தபட்சத்துக்கு 0.3 பிஎஸ்ஐயும், ரோஸ்பெர்க்கினது 1.1 பிஎஸ்ஐயும் கீழே இருந்தன. டயரைச் சூடேற்றும் போர்வைகளின் மின் இணைப்பைத் துண்டித்தபின் டயர் ஆறியிருந்தது என்ற விளக்கத்தை ஏற்று, ஹாமில்டனின் வெற்றியை நடுவர்கள் அப்படியே விட்டார்கள். வெப்பம் தெரியாத அழுத்த எண் பாதி எண்தான். காரின் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எண் ஆறிய டயருக்கானது. ஓடிச் சூடான டயரில் அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால், காலையில் வண்டி குறைந்த காற்றோடு நிற்கும். பந்தயத் தடத்தில் ஓட்டும்போது அப்படி இறக்கியவர், நெடுஞ்சாலையில் வீடு திரும்பும் முன் டயர் ஆறும்வரை காத்திருந்து, முன்னுக்கு முன்னதும் பின்னுக்குப் பின்னதுமாக மறுபடி ஏற்ற வேண்டும்.