பயாஸ் திருத்தத்துக்கும் விண்டோஸ் கட்டாயமா?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் பிராசஸர் கொண்ட லேப்டாப்புகளில் மிகப் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. மும்பை லாமிங்டன் ரோடில் பழைய லேப்டாப் வாங்கிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்களுக்கு இனி லினக்ஸ்தான் கைகொடுக்கும். அதற்குக் காசு கிடையாது. தமிழிலும் தட்டச்சு செய்யலாம்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. சுவிட்சைப் போட்டதும், விண்டோஸோ லினக்ஸோ எழுவதற்கு முன்பே, லேப்டாப்பின் சிப்பில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் வேலையைத் தொடங்கிவிடுகிறது. கடைக்காரர்கள் பயாஸ் என்பது இதைத்தான். இதிலும் பிழைகள் வருவதுண்டு. 2023 டிசம்பரில் வெளிப்பட்ட 'லோகோஃபெயில்' கோளாறு இதற்குச் சான்று. தொடக்கத்தில் கம்பெனியின் முத்திரைப் படத்தைத் திரையில் காட்டும் பகுதியிலிருந்த ஓட்டை வழியாகத் தீய நிரல் நுழையலாம் என்று அப்போது தெரியவந்தது. விண்டோஸ், லினக்ஸ் என்ற பேதம் அதற்கு இல்லை.

அபாயத்தில் இல்லாத பேதம் பரிகாரத்தில் மட்டும் ஏன்? கம்பெனிகள் பல மாடல்களுக்கான திருத்தத்தை விண்டோஸில் மட்டும் ஓடும் கோப்பாகவே தருகின்றன.

வழி இல்லாமல் இல்லை. ரெட் ஹாட் நிறுவனப் பொறியாளர் ரிச்சர்ட் ஹியூஸ் 2015-இல் வெளியிட்ட எஃப்.டபிள்யு.அப்.டி. என்ற நிரலும், அதற்கான எல்.வி.எஃப்.எஸ். என்ற பொதுக் கிடங்கும் இருக்கின்றன. கம்பெனி தன் திருத்தத்தை அந்தக் கிடங்கில் சேர்த்தால் போதும். உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றில் அது தானே வந்து தெரியும். உரியவர் சம்மதித்தால் பதிந்துகொள்ளும். டெல் ஆரம்ப காலத்திலேயே இதில் சேர்ந்தது. லெனோவோ 2018-இல் சேர்ந்தது. ஆயினும் எல்லா மாடல்களும் இன்னும் வந்தபாடில்லை. டெல் லேப்டாப்புகள் பலவற்றில், தொடங்கும்போது எஃப்12 பொத்தானை அழுத்திப் பென் டிரைவிலிருந்தே பயாஸைப் புதுப்பிக்கும் வசதியும் உண்டு.

எந்த வழியானாலும், கோப்பு அதே மாடலுக்கு உரியதா என்று பார்த்து, சார்ஜரைச் செருகிய பின்னரே தொடங்க வேண்டும். நடுவில் மின்சாரம் நின்றால் லேப்டாப் மீண்டும் எழாமலே போகக்கூடும்.

பழைய மாடல்களுக்குக் காலமெல்லாம் புதிய திருத்தம் தரும்படி யாரும் கேட்கவில்லை. வெளியிட்ட கடைசித் திருத்தத்தையாவது எல்லோரும் பதித்துக்கொள்ளும்படி தருவதில் கம்பெனிகளுக்கு என்ன நஷ்டம்? திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை மத்திய அரசு 2015-இல் வெளியிட்டது. அரசுக்கு லேப்டாப் வாங்கும் டெண்டர்களில், விண்டோஸ் இல்லாமலும் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க வழி இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தால், மற்றவர்களுக்கும் அந்தப் பயன் வந்து சேரும்.

தாங்கள் செய்த பிழையைத் தாங்களே திருத்தித் தருவது கம்பெனிகளின் கடமை. அந்தத் திருத்தத்தைப் பெறுவதற்காக, லேப்டாப்பைக் காசு கொடுத்து வாங்கியவர் விண்டோஸுக்கும் காசு கொடுக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?