யாருடைய மனநிறைவு?

வெளிநாட்டுக்குக் குடிபோன சனம் சந்தோசமா இருக்குதா? 2018ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கை இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. 0 முதல் 10 வரை படி வைத்த ஏணி ஒன்றை நினைத்துக்கொள்ளச் சொல்லி, எந்தப் படியில் நிற்கிறாய் என்று கேட்டார்கள். 117 நாடுகளில் குடியேறியவர்களின் மகிழ்ச்சியை வரிசைப்படுத்தினார்கள். போன நாட்டு மக்களின் மகிழ்ச்சியை ஒட்டியே வந்தவர்களின் மகிழ்ச்சியும் அமைகிறது, பிறந்த நாட்டின் சாயலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று முடிவு சொன்னார்கள்.

பிறந்த நாட்டை மட்டும் பார்த்தால் ஊரும் சேரியும் ஒண்ணுதான். அய்யரும் அருந்ததியரும் 'இந்தியர்'. பிறக்கும்போதே படி ஒதுக்கிவைக்கிற நாட்டிலிருந்து போனவர்களை ஒரே கணக்கில் எழுதினால், அது யாருடைய மனநிறைவு?

அயல்நாட்டில் சொந்தப் பண்பாடுதான் ஆறுதல் என்கிறார்கள். கோயில், சங்கம், பொங்கல் விழா. யாருக்கு ஆறுதல்? உள்ளே நுழைந்ததுமே 'ஊர்ல எந்தப் பக்கம்?' என்பான். ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பான். 'சைவமா?' என்பான். தனியாக் கிடக்குறவனுக்குத் தாய்மொழி காதில் விழுந்தா மனசு நிறையணும். நம்மாளுக்கோ வயித்தைக் கலக்குது.

1913இல் நியூயார்க் போன அம்பேத்கர், மேலைநாடுகளில் இருந்த காலத்தில் தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பே அற்றுப்போனதைப் பின்னாளில் எழுதினார். திரும்பி வந்து பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தபோது, தங்கியிருந்த விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். ஆள் அதே ஆள், படிப்பு அதே படிப்பு. சுத்தி நின்ற சனம்தான் வேற. இந்துக்கள் வேறு நாடுகளுக்குக் குடிபெயர்ந்தால் சாதி உலகப் பிரச்சினையாகிவிடும் என்ற எச்சரிக்கையை, 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அவர் எடுத்துச்சொன்னார்.

அது நடந்துவிட்டது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டமியற்ற வேண்டிவந்தது. கலிஃபோர்னியாவில் இரு அவைகளும் நிறைவேற்றிய அதுபோன்ற மசோதாவை, அதே ஆண்டு அக்டோபரில் ஆளுநர் நிராகரித்தார். இருக்கிற சட்டமே போதுமாம்! மசோதாவை எதிர்த்து முன்னால் நின்றவை அங்குள்ள இந்து அமைப்புகள். தங்கள் சமூகத்தையே களங்கப்படுத்துகிறார்களாம். சாதியைத் தடுத்தால் உங்கள் பண்பாடு புண்படும் என்றால், இரண்டும் ஒன்றென்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

மனநிறைவை அளக்க வருகிறவர்களே! எந்த நாட்டிலிருந்து வந்தாய் என்று கேட்டதோடு நோட்டை மூடிவிடாதீர்கள். உன்னோடு வந்தவன் உன்னை என்ன செய்தான் என்றும் கேளுங்கள்.